எலிக்கு என்ன சோகம்?

ஒரு கண்ணாடி ஜாடி. அதில் முக்கால்வாசி தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு சுண்டெலி.

மொத்தம் ஆறே நிமிஷம்தான் ஷோ. முதலில் எலி பரபரவென்று நீந்தும். விளிம்பைப் பிடிக்கத் தாவும். வழுக்கும். மறுபடி தாவும். கொஞ்ச நேரத்தில் கை காலை அடிப்பதை நிறுத்திவிட்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தேமேயென்று மிதக்கும். பக்கத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். கடைசி நாலு நிமிஷத்தில் எலி எத்தனை விநாடி சும்மா இருந்தது என்று குறித்துக்கொள்வார். அப்புறம் எலியை வெளியே எடுத்துத் துடைத்து, கூண்டில் விட்டுவிடுவார்.

1977-ல் பிரான்ஸில் போர்சோல்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்த பரீட்சை இது. சும்மா மிதக்கிற எலி நம்பிக்கையை இழந்த எலி என்பது அவர்கள் கணக்கு. மனச்சோர்வுக்கான மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அதே எலி கூடுதல் நேரம் நீந்துகிறது. போதாதா? உலகம் பூராவும் மருந்துக் கம்பெனிகள் ஜாடி வாங்க ஆரம்பித்துவிட்டன. டிப்ரஷனுக்கு இன்று கடையில் கிடைக்கும் மருந்துகளில் பல, ஏதோ ஒரு எலியை நீந்த வைத்துப் பாஸ் மார்க் வாங்கியவைதான்.

'எலிக்கெல்லாம் டிப்ரஷனா? அதுக்கு என்ன சார், லோன் கட்டணுமா, பொண்ணு பார்க்கணுமா?' என்று நீங்கள் கேட்கலாம். நான் இந்த எலிகளின் பின்னால் அலைய ஆரம்பித்தது ஒரு நண்பருக்காக.

நண்பர் திருவொற்றியூர்க்காரர். ஒரு கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க். வருகிற பெட்டி, போகிற பெட்டி, சீல் நம்பர் எல்லாவற்றையும் சரிபார்த்து எழுதுகிற வேலை. முக்கால்வாசி நாள் நைட் ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை கேரம் போர்டில் அவரை ஜெயிக்க எங்கள் ஏரியாவில் ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் திடீரென்று விளையாட வருவதை நிறுத்தினார். பிறகு பேசுவதையும் நிறுத்தினார். காசிமேட்டு வஞ்சிரத்தை வறுத்து வைத்தால் 'மண்ணு மாதிரி இருக்கு' என்றார். லீவு நாளிலும் விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு சுவரையே பார்ப்பாராம்.

அட்வைஸுக்குப் பஞ்சமா? அவருடைய அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினார். மாமா, 'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாய்டும்' என்றார். ஜிம் நடத்துகிற தம்பி ஒரு பெரிய டப்பாவில் பவுடர் கொடுத்தார். ஆபீஸ் சகா ஒருவர், 'தினம் ரெண்டு வாழைப்பழம் சாப்டுப்பா, அதுல செரட்டோனின் இருக்குதாம், ஜாலி கெமிக்கல்' என்றார். நண்பர் இரண்டு வாரம் வாழைப்பழம் சாப்பிட்டார். வயிறு சுத்தமானதுதான் மிச்சம்.

'எலிக்குக் கஷ்டம்னா வாட்ச் வெச்சிக்கினு பக்கத்துல குந்தறான். எனக்கு இன்னான்னு ஒருத்தனாவது கேட்டானா சார்?' என்று ஒரு நாள் அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. படிக்க ஆரம்பித்தேன்.

சோற்றுக்கும் எலியின் சுபாவத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்ததில் நம் குன்னூருக்கு முக்கிய இடம் உண்டு. 1918-ல் அங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர், பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்ன அறையில் கடை விரித்தார். பிறகு எலிகளை வரிசையாக வைத்து, ஒரு கூட்டத்துக்கு சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, ஒன்றுக்கு மராட்டி, ஒன்றுக்கு வங்காளி என்று போட்டு வளர்த்தார். சப்பாத்தியும் நெய்யும் பாலும் சாப்பிட்ட சீக்கிய எலி முதல் ராங்க். தீட்டிய அரிசிச் சோறு சாப்பிட்ட மதராஸி எலி... ஹி ஹி, கடைசி ராங்க்.

நாம் ரொம்பக் கூச வேண்டாம். மெக்காரிசன் தன்னுடைய சொந்த நாட்டையும் விட்டு வைக்கவில்லை. ஏழை இங்கிலீஷ்காரர் சாப்பாடு என்று வெள்ளை ரொட்டி, மார்ஜரின், ஜாம், சர்க்கரை போட்ட டீ, டின் இறைச்சி, வெந்து குழைந்த காய்கறி போட்டு ஒரு கூட்டம் வளர்த்தார். அந்த எலிகள் நோஞ்சானாகி, எதற்கெடுத்தாலும் பதறி, பார்த்துக்கொள்ளும் ஆளையே கடித்தன. அறுபது நாளுக்குள் தங்களுக்குள் இளைத்தவனைக் கொன்று தின்ன ஆரம்பித்துவிட்டன! தட்டில் விழுவது மூளை வரை போகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்த குன்னூர் அறைதான் வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் ஒரு சேலத்துக்காரர். மதராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த டாக்டர் சி. கோபாலன். 2019-ல் நூறு வயதைத் தாண்டிச் சென்னையில் காலமானார். இந்தியாவின் சத்துணவு விஞ்ஞானத்துக்கே தாத்தா என்று சொல்லலாம்.

தக்காணத்தில் சோளச்சோறே கதியென்று இருந்த கூலிக்காரர்களிடம் பெலக்ரா என்ற நோயை அவர் பார்த்தார். கழுத்தைச் சுற்றி அட்டிகை போட்ட மாதிரி தோல் கறுத்து உரியும். பேதியாகும். கூடவே ஒன்று: தூக்கம் போகும், ஆள் சோர்ந்து போவான், யாரோடும் பேச மாட்டான். 'புத்தி கெட்டுப்போச்சு' என்று ஊர் சொல்லும். காரணம் நியாசின் என்ற வைட்டமின் தட்டுப்பாடு. நியாசினை உடம்பே கொஞ்சம் தயாரித்துக்கொள்ளும். அதற்குக் கச்சாப்பொருள்தான் நம் கட்டுரையின் ஹீரோ ட்ரிப்டோஃபேன். புரதத்தில் இருக்கும் ஒரு அமினோ அமிலம். 60 மில்லிகிராம் ட்ரிப்டோஃபேனைப் போட்டால் ஒரு மில்லிகிராம் நியாசின் கிடைக்கும். செட்டியார் கடை வட்டியைவிட மோசமான கணக்கு.

இதே ட்ரிப்டோஃபேனிலிருந்துதான் மூளையில் செரட்டோனின் தயாராகிறது. ராத்திரியானால் அந்தச் செரட்டோனினில் கொஞ்சம் மெலட்டோனின் என்ற தூக்க ஹார்மோனாக மாறுகிறது. ஆக வைட்டமின், மனநிலை, தூக்கம் மூன்றுக்கும் ஒரே குடோன்.

சோளத்தில் ட்ரிப்டோஃபேன் அப்படியொன்றும் குறைவில்லை. பிறகு ஏன் பெலக்ரா? 1960-ல் கோபாலனும் ஸ்ரீகாந்தையாவும் லான்செட் பத்திரிகையில் ஒரு புது ஆசாமியைக் காட்டிக் கொடுத்தார்கள். லூசின். இதுவும் அமினோ அமிலம்தான். சோளத்தில் ஏராளம். இது ட்ரிப்டோஃபேன் கணக்கைக் குழப்புகிறது என்றார்கள். 1970-களின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தைச் சேர்ந்த கமலா கிருஷ்ணசாமியும் ரகுராமும் எலிக்கு லூசின் கொடுத்துப் பார்த்தபோது மூளையில் செரட்டோனின் குறைந்தது. பெலக்ராவுக்கு லூசின்தான் காரணமா என்பதில் பிற்பாடு வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் சண்டை போட்டார்கள். அந்த வழக்கு இன்னும் முழுசாக முடியவில்லை. ஆனால் லூசின் மூளையின் வாசலில் செய்கிற வேலை நிச்சயம்.

அது என்ன வேலை என்று தெரிய வேண்டுமானால் காலை எட்டரை மணிக்குத் திருவொற்றியூர் ஸ்டேஷனில் நில்லுங்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து லோக்கல் வருகிறது. மீஞ்சூரிலும் எண்ணூரிலும் ஏறியவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் ஒல்லி. தனி ஆள். உங்களால் ஏற முடியுமா? ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகிற வாசலும் இப்படித்தான். லூசின், ஐசோலூசின், வேலின், டைரோசின், ட்ரிப்டோஃபேன் எல்லோருக்கும் ஒரே வாசல். இதில் ட்ரிப்டோஃபேன் கோஷ்டி ரொம்பச் சின்னது. லூசின் கும்பல் முண்டியடித்தால் ட்ரிப்டோஃபேன் பிளாட்பாரத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

வாழைப்பழம் ஏன் ஃபெயிலாயிற்று என்பதும் இங்கே தெரிந்துவிடும். பழத்தில் செரட்டோனின் இருப்பது நிஜம். ஆனால் செரட்டோனினுக்கு இந்த ரயிலில் டிக்கெட்டே கிடையாது. மூளைக்குள் போகாது. உடம்பில் இருக்கிற செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ளும்.

இப்போது ஜிம் தம்பியின் டப்பாவுக்கு வருவோம். நண்பர் வீட்டில் அதன் லேபிளைப் படித்தேன். லூசின், ஐசோலூசின், வேலின்! ரயில் வாசலை அடைக்கிற அதே மூன்று பேர், டப்பாவில் அடைத்து, ஆயிரக்கணக்கில் விலை போட்டு. 2019-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளுக்கு இந்த மூன்றையும் இரண்டு மடங்கு போட்டு ஆயுசு முழுக்க வளர்த்தார்கள். மூளையில் ட்ரிப்டோஃபேனும் செரட்டோனினும் குறைந்தன. எலிகள் கட்டுப்பாடில்லாமல் தின்று, கொழுத்து, சீக்கிரம் செத்தன. எலிக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மனசு சரியில்லாத ஒருத்தருக்கு இந்த டப்பாவை மருந்து மாதிரி கொடுப்பது வேடிக்கைதான்.

'சரி, அப்போ ட்ரிப்டோஃபேனையே மாத்திரையா முழுங்கிட்டா?' அமெரிக்காவில் முழுங்கினார்கள். 1989-ல் ஒரு ஜப்பானியக் கம்பெனியின் சரக்கோடு தொடர்புடைய ஒரு விசித்திர நோய் வந்தது. தசை வலி, ரத்தக் கோளாறு. ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். சிலர் இறந்தார்கள். தயாரிப்பில் புகுந்த அசுத்தம் மேல்தான் சந்தேகம். அப்புறம், நமக்கு அது தேவையும் இல்லை. அறுபது கிலோ ஆசாமிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 240 மில்லிகிராம் ட்ரிப்டோஃபேன். நூறு கிராம் மீனிலேயே 200 வந்துவிடும். மீதிக்குப் பருப்பு, சோறு, முட்டை. காசிமேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு ட்ரிப்டோஃபேன் தட்டுப்பாடு என்றால் காவிரிக்கரையில் தாகம் என்கிற கதை.

அப்படியானால் வருகிற சரக்கு எங்கே போகிறது?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. உடம்பு செலவழிக்கும் ட்ரிப்டோஃபேனில் நூற்றுக்கு தொண்ணூறு பங்குக்கு மேல் கைனுரெனின் என்ற இன்னொரு பாதையில் போகிறது. நியாசின் தயாராவதும் அந்தப் பாதையில்தான். செரட்டோனினுக்குப் போவது ஒன்றிரண்டு பங்குதான். (கைனுரெனின் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1853-ல் லீபிக் என்ற ஜெர்மானியர் அந்தக் குடும்பத்துப் பொருள் ஒன்றை நாயின் மூத்திரத்தில் கண்டுபிடித்தார். விஞ்ஞானிகளுக்குப் பெயர் வைக்க வேறு இடமே கிடைப்பதில்லை.)

உடம்பில் கிருமி புகுந்து சண்டை நடந்தால் அந்தப் பாதையின் ஷட்டர் இன்னும் அகலமாகத் திறக்கிறது. ட்ரிப்டோஃபேன் அந்தப் பக்கம் அதிகமாகத் திரும்புகிறது. அதில் கிடைக்கிற கைனுரெனின் மூளைக்குள் ஏறி, அங்கே நரம்புக்கு ஆகாத சரக்காக மாறக்கூடும். ஜுரம் வந்தால் யாரையும் பார்க்கப் பிடிக்காமல் போர்த்திக்கொண்டு படுப்பீர்களே, அந்த நிலைமை ஜுரம் போன பிறகும் போகாமல் நின்றுவிட்டால்?

இதைச் சுண்டெலியில் சோதித்தார்கள். நம் தோளில் தழும்பு போட்ட அதே பி.சி.ஜி. கிருமியை வைத்து. 1948-லிருந்து நம் கிண்டியில் தயாரித்த அதே தடுப்பூசிக் கிருமி. எலிக்கு அதை உயிரோடு நிறையவே ஏற்றினார்கள். சில நாளில் எலி சோர்ந்து படுத்தது; எடை குறைந்தது. அப்புறம் எடை தேறி, நடமாட்டமும் சரியானது. ஆனால் ஜாடியில் போட்டால் சும்மாவே மிதந்தது! உடம்பு தேறிவிட்டது, மனசு தேறவில்லை. 2009-ல் வந்த பரிசோதனைகளில், ட்ரிப்டோஃபேனைக் கைனுரெனினாக மாற்றுகிற என்சைமைத் தடுத்ததும் அந்தச் சோர்வு வரவே இல்லை. (பயந்து போய்க் குழந்தைக்கு பி.சி.ஜி. போடாமல் இருந்துவிடாதீர்கள். எலிக்கு ஏற்றிய அளவு வேறு, குழந்தைக்குப் போடுகிற சொட்டு வேறு.) மனிதரிலும் சாட்சி உண்டு. ஹெபடைடிஸ் நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில் கணிசமான பேர் டிப்ரஷனில் விழுந்தார்கள். அவர்கள் ரத்தத்தில் ட்ரிப்டோஃபேன் இறங்கியிருந்தது.

டி.பி.க்கு ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டு முடித்த ஆள், 'எல்லாம் கிளியர்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஆனா எதுலயும் மனசே ஒட்ல' என்று சொன்னால் 'வேலைக்குப் போக சோம்பல்' என்று திட்டுகிறவர்கள், அந்தச் சுண்டெலியை நினைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சரி. ஆனால் ஜாடிப் பரீட்சை மேலேயே எனக்கு ஒரு சந்தேகம். காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் முழுக்கதையையும் சொன்னேன். நீந்துகிற எலி, மிதக்கிற எலி, நம்பிக்கை இழந்த எலி. பொறுமையாகக் கேட்டார்.

'யாரு தம்பி சொன்னது அது நம்பிக்கை போன எலின்னு? கடல்ல தவறி வுழுந்தவன் கைகால ஒதறினான்னா அரைமணி நேரத்துல சரக்கு தீந்துடும். மல்லாக்கப் படுத்து சும்மா மெதக்கறான் பாரு, அவன்தான் வூட்டுக்குத் திரும்பறவன். அது புத்திசாலி எலி.'

ஆச்சரியம் என்னவென்றால், 2015-ல் டச்சு ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் ஏறக்குறைய இதையே எழுதியிருக்கிறார்கள். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்துகொண்டு சக்தியை மிச்சம் பிடிக்கிற எலியை டிப்ரஷன் எலி என்று சொல்லாதீர்கள் என்று. எலி தன் சோகத்தைச் சொல்லாது. நாம்தான் பார்த்து யூகிக்கிறோம். தற்கொலை எண்ணம், குற்ற உணர்ச்சி, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு, இதெல்லாம் எந்த ஜாடியிலும் தெரியாது.

செரட்டோனினுக்கும் ஒரு குட்டு விழுந்தது. 2022-ல் லண்டனில் ஜோவன்னா மான்க்ரீஃப் குழுவினர் பழைய ஆராய்ச்சிகளையெல்லாம் கொட்டிக் கிளறிப் பார்த்து, டிப்ரஷன்காரர்களுக்குச் செரட்டோனின் குறைவு என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். மற்ற மனநல டாக்டர்கள் சும்மா விடவில்லை, மறுத்து எழுதினார்கள். மாத்திரை பலருக்கு உதவுகிறது என்பது தனி விஷயம். தைலம் தடவினால் தலைவலி போகிறது என்பதற்காக, உடம்பில் தைலம் குறைந்ததால்தான் தலைவலி வந்தது என்று ஆகிவிடாது அல்லவா? மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே மூளையில் செரட்டோனின் கணக்கு மாறுகிறது. மனசு மாற மட்டும் வாரக்கணக்காகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் இன்னும் முழுசாக விளங்காத சங்கதி. இதைப் படித்துவிட்டு யாரும் சாப்பிடுகிற மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். அது ஆபத்து.

என் நண்பரின் கேஸுக்கு ரொம்பப் பொருந்துகிற எலிகள் இரண்டு. ஒன்று, ஹாம்ஸ்டர் என்கிற எலிச்சாதி. அமெரிக்காவில் ஓஹையோவில் ராத்திரி முழுக்க ஐந்து லக்ஸ் வெளிச்சத்தில், அதாவது மங்கலான நைட் லாம்ப் அளவு வெளிச்சத்தில், நாலு வாரம் வைத்தார்கள். சர்க்கரைத் தண்ணீரில்கூட ஆசை போய்விட்டது. ராத்திரியை மறுபடி இருட்டாக்கியதும் இரண்டு வாரத்தில் தேறிவிட்டன. ஐந்து லக்ஸுக்கே இந்தக் கதி. யார்டில் ஃப்ளட்லைட் எத்தனை லக்ஸ் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று ஸ்டாக்ஹோமில், 2014-ல். தசைகளில் ஒரு குறிப்பிட்ட புரதம் எப்போதும் அதிகமாக இருக்கும்படி சுண்டெலிகளை உருவாக்கினார்கள். உடற்பயிற்சி செய்தால் கூடுகிற புரதம் அது. இந்த பயில்வான் எலிகளையும் சாதா எலிகளையும் சேர்த்து ஐந்து வாரம் தொந்தரவு செய்தார்கள். என்ன தொந்தரவு? நேரம் காலமில்லாமல் பெரிய சத்தம், கண்ணைப் பறிக்கும் லைட், ராத்திரியைப் பகலாக்குவது. (எண்ணூர் நெடுஞ்சாலை மேல் வீடு என்று சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம்.) சாதா எலிகள் சோர்ந்தன. பயில்வான்கள் அசரவில்லை. காரணம், வேலை செய்கிற தசை கைனுரெனினைப் பிடித்து, மூளைக்குள் ஏற முடியாத வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. ராயபுரம் பக்கத்துக் குத்துச்சண்டை வாத்தியார்கள் இதைக் கேட்டால் மீசையை முறுக்குவார்கள். டப்பாவைவிட ஸ்கிப்பிங் கயிறு மலிவு.

ஆனால் படுக்கையிலிருந்து எழவே முடியாதவனிடம் 'போய் ஸ்கிப்பிங் ஆடு' என்பது, காலுடைந்தவனிடம் ஓடச் சொல்கிற மாதிரி. முதலில் டாக்டர். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, ஆசை மூன்றும் கெட்டுப்போய், 'இருந்து என்ன பிரயோஜனம்' என்று ஒருத்தர் பேசினால் கயிறு, கல்யாணம், பவுடர் எதற்கும் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் நம்பர் 2022-லிருந்து இயங்குகிறது. இலவசம். தமிழிலும் பேசலாம். என் நண்பர் முதலில் பேசியது அங்கேதான், விடியற்காலை மூணு மணிக்கு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்.

பிறகு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் அம்மாவோடு போய்க் காட்டினார். ரத்தம் எடுத்துத் தைராய்டும் பார்த்தார்கள். மாத்திரையோடு, நைட் ஷிஃப்ட்டை மாற்றச் சொல்லி ஒரு கடிதமும் கிடைத்தது. யார்டில் முணுமுணுத்துக்கொண்டே பகல் ஷிஃப்ட் கொடுத்தார்கள். முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஐந்தாவது வாரம் கேரம் போர்டுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். ஆடவில்லை. ஏழாவது வாரம் ஆடினார், என்னிடமே தோற்றார். இன்னும் முழுசாகத் தேறவில்லை என்பதற்கு எங்கள் ஏரியாவில் அதுதான் டெஸ்ட்.

அம்மாவுக்கு மட்டும் ஒரு கவலை பாக்கியிருந்தது. 'மாத்திரை சாப்புடறான், மீன் கொழம்பு குடுக்கலாமா டாக்டரம்மா? சூடாச்சே?' என்று இரண்டாவது விசிட்டில் கேட்டிருக்கிறார்.

டாக்டர், 'தாராளமா குடுங்கம்மா. என்ன மீனு?' என்றாராம்.